உதடு சேரலாம், பல் சேரக்கூடாது

முரளி,

போனில் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து பார்க்கிறேன். எடுத்தால் "அப்புறம் பேசறேம்மா" என்பாய். நானும் "சரிடா" என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகு பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அதனால் எழுதுகிறேன். ஜாக்கெட் அளவு வெட்டுகிற காக்கித் தாள்தான் கைக்குக் கிடைத்தது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்பப் போகிறேன். நடுவில் எழுந்து எழுந்து போவேன், ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இதற்குள்ளேயே வாசல் வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டேன். யாரும் வரவில்லை, யாரும் வருவதாகவும் இல்லை. இன்று சனிக்கிழமை. அடுத்த மாதம் உன் பக்கத்தில் மணையில் உட்காரப் போகிற லாவண்யா, திங்கட்கிழமை காலையில் பலமனேரில் தன் பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சர் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாள். பெங்களூரில் உன்னோடு குடித்தனம் வைக்கத்தான். பெங்களூரில் உனக்கு இப்போது வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நான் வாயைத் திறக்காமல் இருப்பேன் என்று உனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தவள் என்பது ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் இந்த வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் நான் இதற்குப் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன் நீ. பாதியைச் சிரித்துக்கொண்டே பார்த்தாய், மீதியில் நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நகரியில் நம் தெருவில் பாதி பெண்களுக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும், எடுக்க மாட்டேன். நூலை வலது பக்கத்துப் பல்லில் வைத்து ஒரு கடி, அவ்வளவுதான். குண்டூசியெல்லாம் உதட்டில் நிற்கும். அதோடேயே பேசுவேன், அதோடேயே உன்னைத் திட்டுவேன். எதிர் வீட்டு மங்கம்மா "டெய்லரம்மா பல்லு கத்திரியைவிட ஷார்ப்பு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கழுத்து குனிந்தது குனிந்தபடி, தாடை இறுகியது இறுகியபடி இத்தனை வருஷம் ஓடிவிட்டது. சாயங்காலம் ஆனால் நெற்றியைச் சுற்றிப் பாவாடை நாடாவைக் கட்டி இழுத்த மாதிரி ஒரு வலி. காபி குடித்தேன், தைலம் தேய்த்தேன், கண்ணாடி மாற்றினேன், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டேன். காதுக்கு முன்னால் எலும்பு 'டக்' என்று சத்தம் போட ஆரம்பித்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் கொட்டாவி விட்டேன், வாய் பாதியில் நின்றுவிட்டது. மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. உன் நைனா பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாக மூடிக்கொண்டது. அதற்கப்புறம் சரியாகத் திறக்கவே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு எலும்பு என்றால் ஒரே வழிதானே. கால் பிசகினாலும் கை முறிந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு புத்தூர் கட்டுக்குப் போய்விடுவோம். "தாடையும் எலும்புதானே? அதுக்கு மட்டும் இன்னா தனி ரூலு? ஏறு வண்டில" என்றார் உன் நைனா. அங்கே கட்டுப் போடுகிற பெரியவர் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார், கையை எடுத்துக்கொண்டார். "எமுக விரகலேதம்மா, ஆசுபத்ரிகி வெள்ளண்டி" என்றார். எலும்பு உடையவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மனுஷர் நேர்மையாகச் சொன்னார். உன் நைனாவுக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு தூரம் வந்து கட்டுப் போடாமல் திரும்புவதா? வீட்டுக்கு வந்ததும் முட்டையை உடைத்தார், வெள்ளையைத் துணியில் தடவினார், பழைய வேட்டியைக் கிழித்து என் மோவாயிலிருந்து உச்சந்தலை வரைக்கும் இறுக்கிக் கட்டினார். "ஆடாம இருந்தா தானா கூடிக்கும்மே." நான் தலையாட்டினேன், பேசத்தான் முடியவில்லையே. அந்த வாரம்தான் நீ வந்தாய். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "இன்னாம்மா இது, பொங்கலுக்குக் கட்டி வெச்ச பானை மாதிரி கீற" என்று சிரித்தாய். நான் ஸ்ட்ராவில் கஞ்சி குடித்துக்கொண்டு உன்னை முறைத்தேன்.

கட்டை அவிழ்த்தபோது வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அசைக்க வேண்டிய இடத்தை நாங்கள் கட்டிப் போட்டிருந்தோம், அது இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொண்டது. உன் நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மனுஷனுக்கு நல்ல எண்ணம்தான், முட்டையும் நல்ல முட்டைதான்.

அதற்குப் பிறகு நீதான் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அதை நான் மறக்க மாட்டேன், இந்தக் கடிதத்தில் எத்தனை திட்டு இருந்தாலும் அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டில் பெரிய கெடுதல் இல்லை, சுற்றி இருக்கிற சதைதான் கல்லாகிக் கிடக்கிறது என்றார். தலைவலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று சொல்லி, அக்குபஞ்சர் ஊசியும் போட்டு உடற்பயிற்சியும் சொல்லித்தருகிற பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மாவுக்கு உன் வயசைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். முதல் வார்த்தையே "நோரு தெரவண்டி" என்பதுதான். வாயைத் திறந்தேன். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழைந்தது. "வேற இன்னா இருக்கு? கை மரத்துப் போகுதா? கண்ணு மங்குதா? திடீர்னு வெடிக்கிற மாதிரி தலைவலி வந்துச்சா?" என்று கேட்டாள். அப்படி ஏதாவது வந்தால் இங்கே வரக்கூடாது, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். எனக்கு அது பிடித்தது. தன்னால் முடியாததை முதலிலேயே சொல்லுகிற ஆளிடம் தலையைக் கொடுக்கலாம்.

ஊசியைப் பார்த்ததும் நான் பின்வாங்கினேன். "நாள் முழுக்க நீங்க ஊசி குத்தறீங்க, நான் குத்தினா பயமா?" என்று சிரித்தாள். முடி மாதிரி ஊசி. என் கையில் அது நூல் கோக்கக்கூட லாயக்கில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்று, நெற்றிப்பொட்டுப் பக்கம், கன்னத்தில், பின்னங்கழுத்தில். குத்துவது தெரியவில்லை, கொஞ்ச நேரம் கழித்துக் கையில் மட்டும் கனமாக ஒரு வலி பரவியது. அப்புறம் தூங்கிவிட்டேன். எழுந்தால் நீ பக்கத்தில் நின்று சிரிக்கிறாய், "வாயைப் பொளந்துக்கினு தூங்குனம்மா, ஜொள்ளு வேற." முரளி, என் வாய் திறந்திருந்தது என்று நீ சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ கவனிக்கவில்லை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாய்.

(கரண்ட் போய்விட்டது. நல்லதாயிற்று, மிஷினில் உட்கார முடியாது. எழுதத்தான் வேண்டும்.)

ஆனால் அந்த டாக்டரம்மா ஊசியைப் பற்றிப் பெருமையடிக்கவே இல்லை. "இது வலியைக் கொறைக்கும். சிலருக்கு நல்லா கேக்கும், சிலருக்கு அவ்வளவா கேக்காது. மறுபடி நூலைக் கடிச்சீங்கன்னா மறுபடி வருவீங்க. மிச்சம் உங்க வேலை" என்றாள். மிச்சம் என்பது பயிற்சி. நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, தாடை கோணாமல் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். மோவாயைப் பின்னால் இழுத்துக் கழுத்தை நேராக்க வேண்டும். தோளைப் பின்னால் சேர்த்து இறக்க வேண்டும். மோவாய்க்கு அடியில் முஷ்டியை வைத்து, அதை எதிர்த்து வாயைத் திறக்க வேண்டும். இதெல்லாம் கொஞ்ச நேர வேலை. நாள் முழுக்கச் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள்: உதடு சேரலாம், பல் சேரக்கூடாது. துன்னும்போது மட்டும்தான் பல்லுக்கு வேலை. மற்ற நேரம் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது.

கேட்க எளிது, நினைவு வர வேண்டுமே. அதற்காக மிஷின் சக்கரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டச் சொன்னாள். கண்ணில் படும்போதெல்லாம் பல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டினேன். மங்கம்மா பார்த்துவிட்டு, திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மறுநாள் பார்த்தால் உன் நைனா அதில் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கத்தரிக்கோலை எடுக்கக் கை பழகியது. தலைவலி முதலில் வாரத்துக்குச் சில நாள் வராமல் இருந்தது, அப்புறம் வந்தாலும் சாயங்காலத்தோடு போனது. இட்லியைப் பிய்க்காமல் கடித்துத் தின்ன முடிந்தது. வாயில் மூன்று விரல் நுழைந்த அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று உன் நைனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "போதும்மே, மூடு, ஈ பூந்துடும்" என்றார். அவருக்கும் சந்தோஷம்தான்.

இந்த வைத்தியத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. கன்னத்தில் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் அங்கே ஒரு சதை உருண்டு எழும்பும். அதைக் கண்டுபிடிக்க அவள் சொல்லிக்கொடுத்தாள். என் கன்னத்தில் பார்த்துப் பழகிய பிறகு மற்றவர்கள் முகத்திலும் அதுதான் தெரிகிறது. பஸ்ஸில் சில்லறை கேட்கும்போது கண்டக்டர் கன்னத்தில் எழும்புகிறது. தறியில் இழை அறுந்த கதையைச் சொல்லும்போது உன் நைனாவுக்கு எழும்புகிறது. பிறகு உன் கன்னத்தில் பார்த்தேன். இரண்டு மாதமாக 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நடு அறையில் உட்கார்ந்திருந்தாயே, அப்போது. திரையில் ஒன்றும் நகராது, உன் கன்னம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். முறுக்கைக் கடித்தால் உன் காதுப் பக்கம் 'டக்' என்று கேட்டது, எனக்குக் கேட்ட அதே சத்தம். "தலை வலிக்குதாடா?" என்றால் "ஹெட்செட்மா" என்பாய். ஹெட்செட் ஆணியில் தொங்கும்.

கடைசித் தடவை திருப்பதிக்குப் போனபோது டாக்டரம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். "சார், நீங்களும் ஒருதடவ நோரு தெரவண்டி" என்று உன் கன்னத்தில் விரலை வைத்தாள். உன் வாயில் இரண்டு விரல்தான் நுழைந்தது. "என்ன வேலை பண்றீங்க?" என்று சும்மாதான் கேட்டாள். நீ "சாப்ட்வேர்" என்றாய். அவள் விரல் கன்னத்திலேயே இருந்தது, அதற்கடியில் அந்தச் சதை உருண்டு எழும்பியது. அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். உனக்கும் அதே பயிற்சியைத்தான் சொல்லி அனுப்பினாள், நீ ஒரு நாளாவது செய்தாயா என்று எனக்குத் தெரியாது.

அங்கேயிருந்து திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் போனோம், கல்யாண மண்டபத்தைப் பார்க்க. சாப்பாட்டு ஹாலைப் பார்த்தோம், மணமேடையைப் பார்த்தோம். பந்தி எந்தப் பக்கம் போடுவது என்று நான் மானேஜரோடு வாயாடினேன், எவ்வளவு நாளைக்கு அப்புறம் நன்றாக வாயாடினேன் தெரியுமா. வெளியே காபிக் கடையில் நின்றபோது நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "ம்மா, வேலை போயிடுச்சு. மொத்த டீமையும் எடுத்துட்டாங்க." நான் என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள், "நைனாவுக்குச் சொல்லாதே. லாவண்யாவுக்குச் சொல்லவே சொல்லாதே. கல்யாணம் முடியட்டும், அதுக்குள்ள வேற வேலை பாத்துக்கினு இருப்பேன். சத்தியம் பண்ணும்மா" என்றாய். கையை நீட்டிக்கொண்டு நின்றாய், சின்ன வயசில் காசு கேட்கிற மாதிரி. நான் கையில் அடித்துக் கொடுத்தேன். பெற்ற பிள்ளை நடுத்தெருவில் கண் கலங்கி நின்றால் எவள் கொடுக்க மாட்டாள், சொல்.

வேலை போனதற்கு உன்னை ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நகரியில் எத்தனை தறி நின்று போயிருக்கிறது, அந்தத் தறிக்காரர்கள் என்ன தப்பு செய்தார்கள்? நீ ஒழுங்காக வேலை பார்த்தவன். அது எனக்குத் தெரியும், உன் நைனாவும் நாளைக்குத் தெரிந்தால் அதையேதான் சொல்வார். முதலில் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வார். இப்போது பத்திரிகை வைக்கப் போகிற வீட்டிலெல்லாம் "பையன் பெங்களூர்ல சாப்ட்வேர்" என்று சொல்லிக்கினு திரிகிறார். நான் பக்கத்தில் நின்று சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நெற்றியைச் சுற்றி அந்த நாடா. வந்துவிட்டது முரளி, திரும்ப வந்துவிட்டது. காலையில் எழுந்தால் கன்னம் வலிக்கிறது, தூக்கத்தில் கடித்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் தாடை மறுபடி வலப்பக்கம் கோணுகிறது. ஊசி போட்ட இடமெல்லாம் எனக்குத் தெரியும். எந்த ஊசி போட்டாலும் இது போகாது, இதை நானேதான் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். நேற்று லாவண்யா வந்தாள். முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் அளவு போட்டுப் பார்க்க, பலமனேரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள் பாவம். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், நான் இடுப்பைப் பிடித்துக் குண்டூசி குத்துகிறேன். "அத்தை, திங்கக்கெழம ஸ்கூல்ல ரிசைன் லெட்டர் குடுக்கறேன். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் போவாதேன்னு ஒரே அழுகை. எனக்கும் கஷ்டமாத்தான் கீது, அந்த செவன்த் பி பசங்கள விட்டுப் போறது. ஆனா அவரு இருக்காரே, கொஞ்ச நாள் நிம்மதியா இருந்துட்டு அப்புறம் அங்கயே ஒரு வேலை தேடிக்கலாம்" என்றாள். என் உதட்டில் குண்டூசி இருந்தது. பழைய பழக்கம், என்னையறியாமல் வைத்துக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு "ம்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "அத்தை, டாக்டர் பின்னு வெக்கக்கூடாதுன்னு சொன்னாங்கதானே?" என்று கேட்டு, தன் கையாலேயே என் உதட்டிலிருந்து அதை எடுத்தாள். நீ சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. என் வாயைப் பற்றியெல்லாம் அவளிடம் சொல்லத் தெரிகிறது உனக்கு.

அவள் போன பிறகு நான் சோறு துன்னவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சத்தியவேட்டிலிருந்து நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டபோது, மாப்பிள்ளைக்கு இரண்டு தறி சொந்தம் என்றுதான் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். கல்யாணமான புதிதில் உன் நைனாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தறிக் கொட்டகைக்குப் போனேன். உள்ளே ஒரே இரைச்சல். நான் அவர் காதில் கத்தி, "இதுல நம்மது எது?" என்று கேட்டேன். பக்கத்துத் தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கடுத்த தறிக்காரரும். உன் நைனா என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு, "நீ வூட்டுக்குப் போ" என்றார். எல்லாம் உன் பெரியப்பாவின் தறி, இவர் கூலிக்கு ஓட்டினார். எனக்குத் தறி இல்லை என்பது வருத்தமில்லை. கூலிக்காரன் என்று சொல்லியிருந்தாலும் நான் கட்டிக்கொண்டிருப்பேன், அவர் மூஞ்சி அப்போது அவ்வளவு நன்றாக இருக்கும். அந்தக் கொட்டகையில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை, அதுதான். என் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்தன்று எனக்குப் புடவை மடிப்பு வைத்துவிட்டவள் அவள். அந்தக் கை எவ்வளவு பிரியமாக மடிப்பு வைத்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதனாலேயே என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. உன் நைனாவை மன்னித்துவிட்டேன், அவரோடு சண்டை போட்டுச் சண்டை போட்டுத் தீர்த்துவிட்டேன். மாமியாரிடம் கடைசி வரைக்கும் கேட்கவே இல்லை.

நேற்று லாவண்யாவின் இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தது யார் கை என்று நினைக்கிறாய்?

நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயம். நின்றாலும் நிற்கலாம், நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவள் அப்பா கோபக்காரர், பத்திரிகை வைத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இதை எழுதும்போதே எத்தனை தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன் தெரியுமா. ஆனால் அவள் கையிலிருக்கிற வேலையையும் விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு ரூம்கூட இல்லாமல் நீ கூட்டாளியோடு ஒண்டிக்கொண்டு வேலை தேடுகிற பெங்களூருக்கு வந்து நின்று, அப்போது தெரிந்துகொண்டால்? வேலை போனவனோடு ஒரு பெண் குடித்தனம் பண்ணிவிடுவாள், இந்த ஊரில் எத்தனையோ பேர் பண்ணுகிறார்கள். அவள் சம்பளத்தில் பலமனேரிலேயே ஒரு வீடு பார்த்துக் கொஞ்ச நாள் இருக்கலாம், நீ அங்கிருந்தே வேலை தேடலாம். அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா? திங்கட்கிழமை அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டால் அந்த வழியும் அடைந்துவிடும். நீ அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக் கட்டிப் போடுகிறாய். உன் நைனா என் தாடையைக் கட்டிய மாதிரி, நல்ல எண்ணத்தோடு, இறுக்கமாக.

மெசேஜ் அனுப்பாதே. போன் பண்ணு, முடிந்தால் நேரில் போ. பெங்களூரிலிருந்து பஸ் ஏறினால் பலமனேர் வழியாகத்தானே நகரிக்கு வர வேண்டும், நடுவில் இறங்கிவிடு. அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். எங்கேயாவது சுவரில் சாய்ந்து நில். தோளைப் பின்னால் சேர்த்து இறக்கு, காது வரைக்கும் ஏறிப்போயிருக்கும். மோவாயைப் பின்னால் இழு. நாக்கை அண்ணத்தில் வை, பல்லைப் பிரி. மூச்சு விடு. அப்படியே வாயை மெதுவாகத் திற, எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. 'டக்' என்று கேட்டால் பயப்படாதே. பிறகு பேசு. முதல் வார்த்தைதான் கஷ்டம், அடுத்ததெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். திருச்சானூரில் என்னிடம் சொன்னாயே, அதே வார்த்தையைச் சொன்னால் போதும். அலங்காரம் பண்ணாதே.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் நீ பேசிவிட வேண்டும். பேசவில்லை என்றால் திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் நானே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன். சத்தியத்தை மீறியவள் என்று நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இருந்துகொள். என் மாமியாராக நான் இருக்க மாட்டேன்.

கரண்ட் வந்துவிட்டது. லாவண்யாவின் ஜாக்கெட் மிஷின் மேல்தான் கிடக்கிறது. கை வைத்தாயிற்று, கழுத்துக்குப் பைப்பிங் கொடுத்தாயிற்று, உள்ளே பிரித்து விடத் தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். நூல் முனையெல்லாம் கத்தரிக்கோலால்தான் வெட்டினேன், ஒன்றுகூடக் கடிக்கவில்லை. கொக்கி மட்டும்தான் பாக்கி. கொக்கி இல்லாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு யாரும் மணையில் உட்கார முடியாது, அது எனக்குத் தெரியும். டப்பாவைத் திறந்து பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நீ அவளிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, அவள் எனக்குப் போன் பண்ணட்டும். "அத்தை, கொக்கி வையுங்க" என்று அவள் வாயால் சொல்லட்டும், அரை மணி நேரத்தில் வைத்துவிடுவேன். அவள் வேண்டாம் என்றால் பிரித்துத் துணியை மடித்து அவளுக்கே கொடுத்துவிடுவேன்.

அம்மா